பொய் ஈக்களின் மெய் வரலாறு

சென்ற தலைமுறையில் கல்லூரிக்குள் நுழைந்தவர்களுக்கு 'ஹால் அண்ட் நைட்' என்ற பெயரைக் கேட்டதும் அடிவயிற்றில் ஒரு கலக்கம் எழும். இயற்கணிதத்துக்கு அந்நாளில் வேதம்போல் இருந்த நூல் அது. நுழைவுத் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் சிலரது மேசையில் இன்றும் அதைக் காணலாம். ஆசிரியர் இருவருள் முதலாமவரான ஹென்றி சின்க்ளேர் ஹால், இங்கிலாந்தின் கிளிஃப்டன் கல்லூரியில் கணக்காசிரியர். கணக்குப் போட்ட நேரம் போக அவர் செய்த காரியம் ஒன்று உண்டு. அதை நம்மவர் அவ்வளவாக அறிந்ததில்லை. அரிசி மணியளவே உள்ள தூண்டில் முள்ளின் தலையில் நூல் கோப்பதற்கு ஒரு கண் வைத்து, அதைச் செம்மைப்படுத்தியவர்களுள் அவர் முக்கியமானவர். 1870களின் இறுதியில் நடந்தது இது. அதற்கு முன் முள்ளை நரம்பு நூலோடு சேர்த்துக் கட்டியே விற்றார்கள். முள்ளை மாற்ற வேண்டுமானால் நரம்பையும் சேர்த்தே மாற்ற வேண்டும். கண் வைத்த முள் வந்தபின், கரையில் நின்றபடியே நினைத்த மாத்திரத்தில் ஒன்றைக் கழற்றி இன்னொன்றைக் கோக்கலாம் என்றாயிற்று.

ஹாலின் இயற்கணிதத்தில் விடைகள் புத்தகத்தின் கடைசியில் இருக்கும். அவருடைய முள்ளை எடுத்துக்கொண்டு ட்ரௌட் மீன் பிடிக்கப் போனவர்களோ விடைக்காக ஐம்பதாண்டுக் காலம் சண்டையிட்டார்கள். அந்தச் சண்டையின் கதையைத்தான் இங்கே சொல்ல வந்தேன்.

முதலில் விஷயம் என்னவென்று பார்த்துவிடுவோம். நம் ஊர்க் குளத்தங்கரையில் மண்புழுவை முள்ளில் கோத்து, தக்கையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பது ஒரு வகை. ஐரோப்பியக் குளிர்நீர் ஓடைகளில் வாழும் ட்ரௌட்டை 'ஈ' போட்டுப் பிடிப்பது முற்றிலும் வேறு வகை. ஈ என்றால் உயிருள்ள ஈ அன்று. சேவலின் பிடரி இறகு, பட்டு நூல், முயல் மயிர் இவற்றைச் சிறு முள்ளின்மேல் சுற்றிக் கட்டிய பொய் ஈ. அதற்கு எடை என்று சொல்லும்படி எதுவும் இல்லை. எனவே நூலின் கனத்தைச் சாட்டைபோல் வீசி அதைச் சேர்க்க வேண்டிய இடத்தில் சேர்க்க வேண்டும். நீரோடைப் பூச்சிகளே ட்ரௌட்டின் முக்கிய உணவு. அவற்றுள் தலையாயது ஆங்கிலத்தில் மேஃப்ளை எனப்படும் இனம். நம் ஈசலை நினைத்துக்கொள்ளுங்கள். ஈசல் மண்ணுக்கடியிலிருந்து கிளம்புவதுபோல இது நீருக்கடியிலிருந்து கிளம்புகிறது. ஓராண்டோ ஈராண்டோ ஆற்றின் அடியில் நிம்ஃப் என்னும் இளம்பருவத்தில் ஊர்ந்து திரிந்துவிட்டு, ஒரு நாள் மேலே நீந்தி வந்து, நீர்ப்பரப்பிலேயே தோலுரித்துச் சிறகு விரிக்கும். பிறகு இன்னொரு முறையும் தோலுரிக்கும். சிறகு முளைத்தபின் மறுபடி தோலுரிக்கும் பூச்சியினம் இது ஒன்றே. சிறகு பெற்றபின் உண்பதற்கு வாய் கிடையாது. கூடி, முட்டையிட்டு, சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ நீர்மேல் விழுந்து இறந்துபோகும். எந்த இனம் எந்த நாள் எந்த மணிக்குக் கிளம்பும் என்பதை வெயில், காற்று, நீரின் சூடு எல்லாம் சேர்ந்து தீர்மானிக்கின்றன. கிளம்பும் அந்த அரைமணி நேரத்தில் மீன் அந்த ஓர் இனத்தை மட்டும் தின்னும். பக்கத்தில் மிதக்கும் இன்னொன்றைத் திரும்பியும் பார்க்காது. எப்போதும் அப்படியா என்றால் அதுவும் இல்லை.

பொய் ஈயைப் பற்றிய மிகப் பழைய தெளிவான குறிப்பு, ஏறத்தாழ 1800 ஆண்டுகளுக்கு முன் உரோமில் வாழ்ந்த ஈலியன் என்பவர் கிரேக்கத்தில் எழுதிய விலங்கு நூலில் உள்ளது. மாசிடோனியாவின் ஆறொன்றில் புள்ளி கொண்ட மீன்கள் ஒருவகை ஈயை விரும்பித் தின்கின்றன. மீனவர்கள் முள்ளில் சிவப்புக் கம்பளி சுற்றி, இரண்டு சேவல் இறகு கட்டி வீசுகிறார்கள் என்கிறார். நிஜ ஈயையே கோத்தால் என்ன? அதற்கும் காரணம் சொல்கிறார். மனிதக் கை பட்டவுடன் அந்த ஈயின் நிறம் மாறிச் சிறகு வாடிவிடுகிறதாம். மீன் அதைத் தொடுவதில்லையாம். மெய் கையில் வாடுவதால் பொய் தேவைப்பட்டது.

1496இல் இங்கிலாந்தில் அச்சான தூண்டில் நூல் (ஜூலியானா பெர்னர்ஸ் என்னும் பெண்மணியின் பெயரால் வழங்குவது) பன்னிரண்டு ஈக்களை மாதவாரியாகப் பட்டியலிடுகிறது. 1676இல் ஐசக் வால்ட்டனின் புகழ்பெற்ற தூண்டில் நூலின் ஐந்தாம் பதிப்புக்குப் பின்னிணைப்பு எழுதிய சார்லஸ் காட்டன், டவ் ஆற்றங்கரையிலிருந்து அறுபத்தைந்து ஈக்களைச் சொன்னார். அவையும் மாதக் கணக்குத்தான். பஞ்சாங்கம் பார்த்து மீன் பிடிப்பது என்று வைத்துக்கொள்ளலாம். பஞ்சாங்கம் பொய்த்த நாட்களில் மீன் கிடைக்காததற்கு அவர்கள் மேகத்தையும் காற்றையும் காரணம் காட்டியிருப்பார்கள்.

மீனையே கேட்டுப் பார்க்கலாம் என்று முதலில் முனைந்தவர் ஆல்ஃப்ரெட் ரொனால்ட்ஸ். ஸ்டாஃபர்ட்ஷயரில் பிளைத் ஆற்றங்கரையில் ஒரு சிறு குடிசை கட்டி, உள்ளே ஒளிந்திருந்து ட்ரௌட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். 1836இல் வெளிவந்த அவருடைய பூச்சி நூலில் உள்ள சோதனைகள் இன்றைக்கும் படிக்கச் சுவையானவை. மீனுக்குக் காது கேட்குமா? நண்பரைக் கொண்டு அருகிலேயே துப்பாக்கி வெடிக்கச் செய்தார், மீன் அசையவில்லை. சுவை தெரியுமா? தகரக் குழாய் வழியே செத்த வீட்டு ஈக்களை ஊதி நீரில் விழச் செய்தார்; மீன் தின்றது. மிளகாய்த்தூளும் கடுகும் பூசிய முப்பது ஈக்களை ஊதினார், அவற்றையும் தின்றது. மறுநாள் காலை எந்தச் சங்கடமும் இல்லாமல் மறுபடி இரைக்கு வந்தது! இவ்வளவு எளிதாக ஏமாறும் பிராணி, இறகிலும் பட்டிலும் பார்த்துப் பார்த்துச் செய்த ஈயை ஏன் மறுக்கிறது என்பதுதான் புதிர்.

ரொனால்ட்ஸின் பிற்காலம் விசித்திரமானது. 1848இல் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்தார். 1860இல் பல்லாரட் நகரில் இறந்தார். அக்கண்டத்தின் நீர்நிலைகளில் அப்போது ட்ரௌட் கிடையாது. பாசியிலும் பனிக்கட்டியிலும் பொதிந்த முட்டைகள் கப்பலேறி டாஸ்மேனியாவுக்கு வந்து சேர்ந்தது 1864இல். ட்ரௌட்டின் உலகை ஊன்றிப் பார்த்த அந்த மனிதர் கடைசிப் பன்னிரண்டு ஆண்டுகளை ட்ரௌட் இல்லாத நாட்டில் கழித்தார். ஏறத்தாழ அதே சமயத்தில் நம் நீலகிரிக்கும் ட்ரௌட்டைக் கொண்டுவரும் முயற்சி நடந்து தோற்றது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைந்து, மலை ஓடைகளில் மீன் நிலைத்தது. ஆங்கிலேயன் போன இடமெல்லாம் தேயிலையைப்போல இந்த மீனும் போயிற்று.

இனிச் சண்டைக்கு வருவோம். இங்கிலாந்தின் தென்பகுதியில், ஹாம்ப்ஷயரில், டெஸ்ட், இட்சென் என்று இரண்டு ஆறுகள். சுண்ணப் பாறையினுள் ஊறிய மழைநீர் ஊற்றாகக் கிளம்பி ஓடுவதால் வெள்ளமும் வறட்சியும் அங்கே குறைவு. ஊற்றுக்கண்ணில் ஆண்டு முழுவதும் பத்துப் பதினொரு டிகிரி வெப்பம். நீர் பளிங்குபோல இருக்கும். மீன் உங்களுக்குத் தெரியும். நீங்களும் மீனுக்குத் தெரிவீர்கள். இந்த ஆறுகள் தனியாருக்குச் சொந்தமானவை. காசு கட்டி உரிமை பெற்றவர்கள் மட்டுமே தூண்டில் வீசலாம். வழக்கறிஞர், வணிகர், அமைச்சர் என்று வார இறுதியில் இலண்டனிலிருந்து ரயிலேறி வருவோரின் உலகம் அது. முதல் உலகப் போர் மூண்டபோது பிரிட்டனின் வெளியுறவு அமைச்சராக இருந்த எட்வர்ட் கிரே, இட்சென் கரைக் குடிலுக்கு ஓடி வந்து ஈ வீசியவர்தாம்; அதைப் பற்றி 1899இல் ஒரு நூலும் எழுதியிருக்கிறார்.

அந்த உலகத்தில் 1879இல் வின்செஸ்டர் நகரத் தூண்டில் கடை ஒன்றில் இரண்டு பேர் சந்தித்தனர். ஒருவர் ஃப்ரெடரிக் ஹால்ஃபோர்ட், பணம் படைத்த வணிகக் குடும்பத்தவர். மற்றவர் ஜார்ஜ் செல்வின் மேரியாட். அவருக்கு நிகரான கைத்திறன் இங்கிலாந்தில் இல்லை என்று கூடவிருந்தவர்கள் சொன்னார்கள். இருவரும் டெஸ்ட் ஆற்றங்கரையில் கூடி ஆராய்ந்தார்கள். பூச்சிகளைப் பிடித்துப் புட்டியில் இட்டார்கள். நிறம் பார்த்து இறகு தேர்ந்தார்கள். 1886இல் ஹால்ஃபோர்டின் முதல் நூல் வந்தது: மிதக்கும் ஈக்கள் தொண்ணூறு, அவற்றைக் கட்டும் முறைகளோடு. 1889இல் இரண்டாவது நூல், கொள்கை நூல். தன் பெயரை ஆசிரியராகப் போட வேண்டாம் என்று மேரியாட் ஒதுங்கிக்கொண்டார். எந்த ஈ சிறந்தது என்று கேட்டவர்க்கு, ஈயைவிட அதை ஓட்டுபவன்தான் முக்கியம் என்று அவர் சொன்னதாக ஒரு மரபு உண்டு. அந்நாளில் வாடகைக் குதிரை வண்டிக்கும் ஆங்கிலத்தில் அதே சொல்தான் வழங்கிற்று. சிலேடை தமிழில் வராது.

ஹால்ஃபோர்டின் முறை தெளிவானது. கண்டபடி வீசக்கூடாது. மீன் நீர்மேல் வந்து ஈயைக் கொத்துவதைக் கண்ணால் பார்க்கும்வரை காத்திருக்க வேண்டும். என்ன ஈ என்று அறிய வேண்டும். அதே உருவம், அதே நிறம், அதே அளவுள்ள பொய் ஈயை மீனுக்குப் பின்னாலிருந்து, நீரோட்டத்தின் மேல்நோக்கி, மிதக்கும்படி வீச வேண்டும். இதில் ஒரு சிக்கல். நூல் கிடக்கும் நீரும் ஈ கிடக்கும் நீரும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. நூல் ஈயை இழுத்தால், ஈ தன் பாட்டுக்கு மிதக்காமல் குறுக்கே கோடு கிழிக்கும். மீன் ஒரு கணத்தில் பொய்யைக் கண்டுகொள்ளும். இறகின் நிறத்துக்காக ஆண்டுக்கணக்கில் பாடுபட்டவர்களைத் தோற்கடித்தவற்றுள் பெரும்பகுதி இந்த விரற்கடை இழுப்புத்தான் என்று நினைக்கிறேன்.

ஹால்ஃபோர்ட் அப்படி நினைக்கவில்லை. தொண்ணூறு ஈ 1897இல் நூறாயிற்று. 1910இல், ஆணுக்கு ஒன்று பெண்ணுக்கு ஒன்று என்றுகூடப் பிரித்து, முப்பத்து மூன்றில் முடித்தார். சுண்ண ஓடைக்கு இவை போதும். இனித் தேட வேண்டியதில்லை. ஈயின் பாலினம் மீனுக்குத் தெரியுமா என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா? நீருக்குள்ளிருந்து மேலே பார்க்கும் மீனுக்கு, ஒளிவிலகலால், தலைக்கு மேல் ஒரு வட்டச் சாளரம் மட்டுமே வெளியுலகைக் காட்டும். அதற்கு அப்பால் நீர்ப்பரப்பு ஒரு கண்ணாடி. ஆற்றின் தரையே அதில் தலைகீழாகத் தெரியும். வந்துகொண்டிருக்கும் ஈ முதலில் அந்தக் கண்ணாடியில் கால்கள் அழுத்திய சில ஒளிக் குழிகளாகத்தான் தென்படுகிறது. (1924இல் ஜே. டபிள்யூ. டன் என்பவர், வெயில் ஊடுருவித் தெரிய வேண்டும் என்பதற்காக முள்ளின் தண்டுக்கு வெள்ளை வண்ணம் பூசி, எண்ணெயில் தோய்ந்த செயற்கைப் பட்டால் ஈ கட்டினார். ஆம், காலத்தைப் பற்றிய விசித்திரக் கொள்கையால் போர்ஹேஸைக் கவர்ந்து கட்டுரை எழுத வைத்த அதே டன்தான். விமானமும் கட்டியவர்.)

ஹால்ஃபோர்டிடம் எனக்கு வியப்பளிப்பது அவருடைய பிடிவாதம் அன்று. அவர் மீனின் வயிற்றைப் பார்த்திருக்கிறார். 1889ஆம் ஆண்டு நூலில், பிடித்த ட்ரௌட்டுகளை அறுத்துப் பார்த்ததைப் பற்றி ஓர் இயலே உண்டு. வயிற்றில் இருந்தவற்றுள் மிதக்கும் ஈ சிறுபான்மை; நிம்ஃபுகள், நத்தைகள், நீர்ச் சிற்றுயிர்கள்தாம் பெரும்பான்மை. கண்டார்; எழுதியும் வைத்தார். ஆனால் நீரில் நெளிந்து நீந்தும் நிம்ஃபின் அசைவைப் பொய் ஈயால் காட்ட முடியாது என்று முடிவு செய்து, மிதக்கும் ஈயே வழி என்றார். அவர் சொன்னது ஆராய்ச்சி முடிவு. பின்வந்தவர்கள் அதைத் தர்ம சாஸ்திரம் ஆக்கினார்கள். அமிழும் ஈயைச் சுண்ண ஓடையில் வீசுவது பயனற்றது என்பது போய், பண்பற்றது என்றாயிற்று.

இங்கே வருகிறார் ஸ்க்யூஸ். 1858இல் நியூஃபவுண்ட்லாந்தில் பிறந்தவர், வின்செஸ்டரில் படித்தவர், இலண்டனில் வழக்கறிஞர், திருமணம் செய்துகொள்ளவில்லை. 1883 முதல் இட்சென் ஆற்றில் அபட்ஸ் பார்ட்டன் என்னும் பகுதியில் மீன் பிடித்தார். தொடக்கத்தில் ஹால்ஃபோர்டின் நூலைப் படித்துக் கற்ற சீடர்தான். ஒரு நாள் இறகு சரியில்லாத ஈ ஒன்று மிதக்காமல் அமிழ்ந்துவிட, மிதப்பவற்றை மறுத்துக்கொண்டிருந்த மீன் அதை எடுத்தது என்று அவரே எழுதியிருக்கிறார். நாமாக இருந்தால் அதிர்ஷ்டம் என்று விட்டிருப்போம். அவர் விடவில்லை. எலும்பிலிருந்து மூளை எடுக்கும் ஒடுங்கிய கரண்டி ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டார். பிடித்த மீனின் தொண்டை வழியே அதைச் செலுத்தி, சற்றுமுன் தின்றதை எடுத்து, தட்டில் நீர் விட்டுக் கலக்கிப் பார்ப்பார். நீர்மேல் ஈக்கள் மிதந்துகொண்டிருக்கும். மீன் பரப்பைக் கலக்கி எழுந்துகொண்டிருக்கும். பார்ப்பவர் எல்லாரும் அது ஈயைத் தின்கிறது என்று சத்தியம் செய்வார்கள். தட்டிலோ நிம்ஃப். மேலெழுந்து வரும் பூச்சியைப் பரப்புக்கு ஓரிரு அங்குலம் கீழேயே மீன் மறித்து எடுக்கிறது. நாம் கரையிலிருந்து கண்டது அதன் முதுகு கிளப்பிய அலை.

அதாவது, ஹால்ஃபோர்ட் கண்ட அதே வயிற்றை இவரும் கண்டார். வயிற்றில் இருந்தது என்ன என்று மட்டும் கேட்காமல், எந்த நேரத்தில் இருந்தது என்று கேட்டார். காலையில் எடுக்கும் மீன் மாலையில் ஏன் எடுக்கவில்லை என்பதற்கான விடை ஈயின் பட்டியலில் இல்லை, அந்த அரைமணி நேரத்தில் நீரின் எந்த ஆழத்தில் என்ன நடக்கிறது என்பதில் இருந்தது. 1910இல் அவருடைய முதல் நூல் வெளிவந்தது. அதே ஆண்டில்தான் ஹால்ஃபோர்டின் முப்பத்து மூன்றும் வந்தது. தேடல் முடிந்தது என்றது ஒரு நூல். அதைத் தொடங்கி வைத்தது இன்னொன்று. ஸ்க்யூஸின் நடை பணிவானது. ஆசானை மறுக்கவில்லை, மிதக்கும் ஈக்குத் துணையாக இதையும் வைத்துக்கொள்ளுங்கள் என்கிற தோரணை. ஹால்ஃபோர்ட் 1914இல் இறந்தார். சாஸ்திரிகள் இருந்தார்கள்.

1932இல் வெளிவந்த தொகுப்பில் ஸ்க்யூஸ் ஒரு சிறுகதை எழுதியிருக்கிறார். காஸ்ட்வெல் என்பவர், தன் தூண்டில் திறமையில் நிறைவு கண்டவர், இறந்து மேலுலகம் போகிறார். அழகிய ஓடை, நல்ல கோல், கூட ஒரு காவலர். எதிரே ஒரு மீன் எழுகிறது, வீசுகிறார், இரண்டரைப் பவுண்டு ட்ரௌட். அதே இடத்தில் இன்னொன்று எழுகிறது, வீசுகிறார், அதே இரண்டரைப் பவுண்டு. சொர்க்கம் என்று மகிழ்கிறார். மூன்றாவது, நான்காவது… இடம் மாறலாமா என்று கேட்கிறார்; கூடாதாம். சற்று நிறுத்தலாமா? கூடாதாம். மீன் எழுந்தால் வீசியாக வேண்டும். வீசினால் பிடிபட்டாக வேண்டும். இப்படியே எப்போதுமா என்று கேட்கிறார். ஆமாம் என்கிறது பதில். சலித்து நரகத்தின் பெயரைச் சொல்லி வைகிறார். காவலர் அதற்கும் ஆமாம் என்கிறார். ஐம்பது ஆண்டுகள் மீனின் வயிற்றைத் தோண்டி விடை தேடியவர் எழுதிய கதை இது என்பதை மறக்காமல் படிக்க வேண்டும்.

1938 பிப்ரவரியில் இலண்டனில் ஈத்தூண்டில்காரர் சங்கத்தில் ஒரு விவாதம் கூட்டினார்கள். சுண்ண ஓடையில் நிம்ஃப் வீசுவது முறையா? எதிர்த்துப் பேசியவர்களில் முக்கியமானவர் சர் ஜோசஃப் பால். ஒரு காலத்தில் உளவுத்துறையில் இருந்து, பின்னர் கன்சர்வேட்டிவ் கட்சியின் ஆராய்ச்சிப் பிரிவை நடத்தியவர். ஸ்க்யூஸுக்கு அப்போது எழுபத்தொன்பது வயது. மீன் நிம்ஃபைத் தின்கிறது என்பதை அங்கே யாரும் மறுத்திருக்க முடியாது. தட்டில் கிடந்தது சாட்சி. ஆனால் கேள்வி உண்மை பற்றியது அன்று, ஒழுக்கம் பற்றியது. அதற்குக் கரண்டியால் விடை சொல்ல முடியாது. அந்த ஆண்டுப் பருவம் முடிந்ததும், ஐம்பத்தைந்து ஆண்டுகளாக நின்ற அபட்ஸ் பார்ட்டன் கரையை விட்டு அவர் விலகினார். அடுத்த ஆண்டு நிம்ஃப் பற்றிய முழு நூலை வெளியிட்டார். வில்ட்ஷயரில் நாடர் ஆற்றுக்குப் போய், எண்பது வயதுக்கு மேலும் வீசிக்கொண்டிருந்தார்.

அவருடைய வழியை அடுத்த தலைமுறைக்குக் கொண்டுபோனவர் கனவான் அல்லர். ஃப்ராங்க் சாயர், வில்ட்ஷயரில் ஏவன் ஆற்றின் காவல்காரர்; ஆற்றைத் துப்புரவு செய்து, மீனைப் பேணி, சம்பளம் வாங்கியவர். முதிய ஸ்க்யூஸோடு கடிதத் தொடர்பு வைத்திருந்தார். 1958இல் அவருடைய நிம்ஃப் நூல் வந்தது. அவர் கட்டிய நிம்ஃபுக்குப் பட்டு நூல்கூட வேண்டாம். முடியளவு செப்புக் கம்பியும் செம்போத்து நிறத்துச் சீமைக்கோழி ஒன்றின் வால் இறகும் போதும். கம்பியின் கனத்தால் தானே அமிழும். எந்த ஓர் இனத்தின் நகலும் அன்று அது. பல இனங்களின் பொதுச் சாயல் மட்டுமே. மீன் அருகில் வரும் நொடியில் கோலின் நுனியை மெல்ல உயர்த்தினால் அது நீந்தி மேலெழுவதுபோல் தெரியும். காட்ட முடியாது என்று ஹால்ஃபோர்ட் கைவிட்ட அசைவு அதுவே.

ஸ்க்யூஸ் 1949 ஆகஸ்டில், தொண்ணூற்றோராம் பிறந்தநாளுக்குச் சில நாட்கள் இருக்கும்போது இறந்தார். அவருடைய சாம்பலை இட்சென் ஆற்றுக்கே கொண்டுபோனார்கள். அபட்ஸ் பார்ட்டனில் தூவினார்கள்.